20 வாட் யாருக்கு மிச்சம்?

விலை உயர்ந்த சைக்கிள் சக்கரம் எதை எடுத்தாலும் அதன் விளம்பரத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: இந்தச் சக்கரம் உங்களுக்கு இத்தனை வாட் மிச்சப்படுத்தும். ஒருவர் 12 என்பார், இன்னொருவர் 20 என்பார், துணிந்தவர் 30 என்பார். வாட் என்பது ஆற்றலைச் செலவிடும் வேகத்தின் அளவு. நல்ல பயிற்சியுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது 200, 250 வாட்தான். அதில் 20 வாட்டைக் காற்றிடமிருந்து பிடுங்கித் தருகிறேன் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசைக்கு மைசூரு நல்ல விளைநிலம். விடியும் முன்பே சாமுண்டி மலைச் சாலையில் சைக்கிள் விளக்குகள் ஏறத் தொடங்கிவிடும். நகரைச் சுற்றும் ரிங் ரோடு சுமார் 42 கிலோமீட்டர். யாரும் திட்டமிடாமலே நேரப் பந்தயத்துக்கு வாகாக அமைந்துபோன ஒரு வட்டம் அது. 2008 முதல் நடந்துவரும் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' நெடும்பயணத்துக்கும் மைசூரு பழகிய ஊர். இங்கிருந்து பந்திப்பூர் காடு, மசினகுடி, அங்கிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி ஏற்றம், பிறகு ஊட்டி. இந்தச் சாலைகளில் உள்ளங்கை அகலத்துக்கு ஆழமான கறுப்புக் கார்பன் ரிம்களைப் பார்ப்பது இப்போது அபூர்வமில்லை. ஒரு ஜோடியின் விலை எளிதாக ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். ஆகவே இந்த 20 வாட் எங்கே அளக்கப்பட்டது, எந்த வேகத்தில், எதனோடு ஒப்பிட்டு என்று பார்த்துவிடுவது நல்லது.

எங்கே என்பதற்கு விடை எளிது: காற்றுச் சுரங்கத்தில். சைக்கிள் நிறுவனங்கள் அதிகம் நாடும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் சான் டியாகோவில், விமான ஆய்வுக்காக 1940-களில் கட்டப்பட்ட சுரங்கம். மைசூரிலிருந்து 150 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருவிலும் காற்றுச் சுரங்கங்கள் இருக்கின்றன. இந்திய அறிவியல் கழகத்திலும், தேசிய வானூர்தி ஆய்வகத்திலும். ஆனால் அவற்றின் வேலை விமானமும் ராக்கெட்டும்தான், சைக்கிள் ரிம் அல்ல. சுரங்கத்தில் சக்கரத்தை ஒரு தாங்கியில் பொருத்தி, சுழலவிட்டு, எதிரே காற்றை ஊதி, அது பின்னால் தள்ளப்படும் விசையை அளக்கிறார்கள். ஊதும் காற்றின் வேகம் வழக்கமாக மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். பெரும்பாலான சோதனைகளில் சக்கரத்தின் மேல் சைக்கிளும் கிடையாது, சைக்கிளின் மேல் ஆளும் கிடையாது.

அந்த 48-ஐத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று நம்மைப் பின்னுக்கு இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அந்த விசைக்கு எதிராக நாம் செலவிடும் வாட்டோ வேகத்தின் முப்படியோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் வாட் எட்டு மடங்கு. இதையே திருப்பிப் போட்டால் விளம்பரத்தின் சாயம் கொஞ்சம் வெளுக்கும். 48-ல் 20 வாட் மிச்சப்படுத்தும் சக்கரம், 24-ல் இரண்டரை வாட் மிச்சப்படுத்தும். ரிங் ரோட்டில் நன்றாக ஓட்டுகிற ஒருவரின் சராசரி 30 என்று வைத்துக்கொண்டால் அவருக்குக் கிடைப்பது 5 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஐரோப்பியத் தொழில்முறைப் பந்தயக்காரருக்குச் சொன்ன எண்ணை அலுவலகம் போகும் முன் ஒரு சுற்று வருகிறவரிடம் விற்கிறார்கள்.

மைசூரின் காற்றும் இன்னொரு தள்ளுபடி போடுகிறது. விமானப் பொறியியலில் வழக்கமான 'நிலையான காற்று' என்பது கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் கன மீட்டருக்கு 1.225 கிலோ எடையுள்ளது. மைசூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காலை வெயில் ஏறினால் 25 டிகிரியைத் தாண்டும். இங்கே ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.08 கிலோதான். அதாவது 12 விழுக்காடு மெலிந்த காற்று. சென்னையின் சூடான காற்றோடு ஒப்பிட்டாலும் ஆறேழு விழுக்காடு மெலிவு. இழுவிசை அடர்த்தியோடு நேராகக் கூடிக் குறைவதால், சக்கரம் தரும் மிச்சமும் அதே அளவு குறையும். 5 வாட் இப்போது 4 வாட்டுக்கு அருகில் வந்துவிட்டது. (மெலிந்த காற்று உங்களுக்கு மொத்தமாகத் தரும் சலுகை இதைவிடப் பெரிது. மைசூருக்குக் குடிவந்தாலே போதும், காசு செலவில்லை.)

விளம்பரத்தை மடக்க இன்னும் சுருக்கமான கணக்கு ஒன்று உண்டு. 80 கிலோ எடையுள்ள ஆளும் சைக்கிளும் சமதளத்தில், காற்று வீசாத காலையில் 30-ல் போக மொத்தம் சுமார் 150 வாட் வேண்டும். அதில் காற்றுக்குப் போவது ஏறத்தாழ 110, டயர் உருளும் தடைக்குப் போவது 40. காற்றுக்கான 110-ல் முக்கால் பங்கு மிதிக்கிறவரின் உடம்புக்கே. மீதியில்தான் சட்டகம், ஹாண்டில்பார், பாட்டில், இரண்டு சக்கரங்கள் எல்லாம். சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து மொத்தக் காற்றுத்தடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு எடுக்கும். இங்கே அது 11-லிருந்து 17 வாட். சக்கரங்கள் இரண்டையும் மந்திரத்தால் காற்றிலிருந்து மறையச் செய்தாலும் அதற்கு மேல் ஒரு வாட்கூட மிச்சம் வராது. 30-ல் 20 வாட் மிச்சம் என்று யாராவது சொன்னால், இல்லாத ஒன்றை விற்கிறார் என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாம். 48-ல் 20 வாட் என்றால் சாத்தியம்தான். அந்த வேகத்தில் காற்று மட்டுமே 450 வாட்டைத் தின்னும். அவ்வளவு மிதிக்க நம்மில் யார் இருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இதற்கு விற்பனையாளர்களிடம் ஒரு பதில் உண்டு. 'மெதுவாகப் போகிறவருக்குத்தான் அதிக நேரம் மிச்சமாகும்' என்பார்கள். அது பொய்யில்லை. 30-ல் போகிறவர் 42 கிலோமீட்டர் ரிங் ரோட்டைச் சுற்ற 84 நிமிடம் எடுப்பார். 4 வாட் மிச்சம் அவர் வேகத்தை ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூட்டும். நேரத்தில் அது ஒரு நிமிடத்துக்கு அருகே வரும். 48-ல் போகிறவர் அதே வட்டத்தில் சுமார் 40 வினாடிதான் மிச்சம் பிடிப்பார். சாலையில் அதிக நேரம் கிடப்பவருக்குச் சில்லறையும் அதிக நேரம் சேர்கிறது, அவ்வளவுதான் இதன் ரகசியம். அந்த ஒரு நிமிடம் ரிங் ரோட்டில் ஒரு சிக்னலில் போய்விடும். பந்தயத்தில் சிக்னல் இல்லை என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். பந்தயம் ஓடுகிறவருக்கு ஒரு நிமிடம் பெரிய சொத்து.

ஆனால் அந்த ஒரு நிமிடமும் எந்தச் சக்கரத்தோடு ஒப்பிட்டு? இங்கேதான் விளம்பரத்தின் உண்மையான கைவரிசை. ஒப்பீட்டுக்கு எடுக்கப்படுவது பெரும்பாலும் பழைய பாணிச் சக்கரம்: பெட்டி போன்ற குட்டை அலுமினிய ரிம், 32 உருண்டைக் கம்பிகள். சுழலும் சக்கரத்தின் மேல் விளிம்பு சைக்கிளைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னோக்கிப் போகிறது. சைக்கிள் 30-ல் போனால் மேல் விளிம்பு 60-ல் காற்றைக் கிழிக்கும். தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் நிற்கிறது. ஆகவே மேலே வரும் ஒவ்வொரு உருண்டைக் கம்பியும் காற்றைக் கடைகிறது. கம்பிகளை 32-லிருந்து 20-க்கோ 24-க்கோ குறைத்து, தட்டையாக்கி, ரிம்மை ஆழமாக்கிக் கம்பியின் நீளத்தைச் சுருக்கினால் பெரிய லாபம் அங்கேயே வந்துவிடுகிறது. இந்த மாற்றத்தை இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் செய்துவிட்டன. 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள நல்ல சக்கரம் ஒன்றையும் அதே ஆழமுள்ள இன்னொரு நல்ல சக்கரத்தையும் அடுத்தடுத்து வைத்து அளந்தால் வித்தியாசம் ஓரிரு வாட்தான், அதுவும் 45, 48 வேகத்தில். ஜெர்மனியின் 'டூர்' இதழ் பல ஆண்டுகளாக மணிக்கு 45 கிலோமீட்டரில் சக்கரங்களையும் சைக்கிள்களையும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து எழுதுகிறது. அதன் பட்டியல்களில் மேலே நிற்கும் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 40,000 ரூபாய்ச் சக்கரத்துக்கும் 2 லட்சம் ரூபாய்ச் சக்கரத்துக்கும் இடையிலான வித்தியாசத்தில் காற்றின் பங்கு மிகச் சிறியது.

ஒரு ஆழமான சக்கரத்தைக் கையில் எடுத்து, டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் டயரின் வயிற்றிலிருந்து ரிம்முக்கு வழுக்கிக்கொண்டு இறங்கினால் நல்லது. டயர் புடைத்துக்கொண்டு, ரிம் உள்ளே ஒடுங்கி, நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அந்தச் சக்கரத்தின் காற்றியல் அங்கேயே பாதி போயிற்று. டயரின் மேல் வழுக்கி வரும் காற்று ரிம்மைப் பிடித்துக்கொள்ளாமல் அந்தப் பள்ளத்தில் பிரிந்து சுழிக்கும். முன்பு சக்கரம் செய்யும் ஜிப் நிறுவனத்திலும் பிறகு சில்கா நிறுவனத்திலும் வேலை பார்த்த ஜோஷ் போர்ட்னர் என்ற பொறியாளர் இதற்கு ஒரு கைக்கணக்கு சொன்னார்: ரிம்மின் வெளி அகலம், டயரின் உண்மையான அகலத்தில் குறைந்தது 105 விழுக்காடு இருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் டயருக்கு 26-க்குச் சற்று மேல் போதும். 28-க்கு 29.4. நம் ஊர்ச் சாலையின் குழிகளுக்கும் வேகத்தடைகளுக்கும் பயந்து 32 போட்டால் 33.6 மில்லிமீட்டர் அகலமுள்ள ரிம் வேண்டும். சுரங்கத்தில் 25 போட்டு அளந்த எண்ணை வாங்கி வந்து, அதே ரிம்மில் 32 போட்டு ஓட்டுகிறோம். காசு கொடுத்தது ஒரு வடிவத்துக்கு, ஓட்டுவது வேறு வடிவத்தை.

வடிவத்தோடு கதைகளும் விற்பனையாகின்றன. ஜிப் தன் ரிம்களின் மேல் கோல்ஃப் பந்தைப் போலச் சிறு குழிகளை இட்டது. 2016-ல் வந்த அதன் '454' சக்கரத்தின் உள்விளிம்பு ரம்பம் போல ஏறி இறங்கும். கூனல் திமிங்கிலத்தின் துடுப்பிலுள்ள முண்டுகள்தான் அதற்கு முன்மாதிரி என்றார்கள். அப்போது ஜோடி 4,000 டாலர். திமிங்கிலத் துடுப்பின் முண்டுகள் நீரோட்டத்தைத் துடுப்போடு ஒட்ட வைக்கின்றன என்பது உண்மையான ஆய்வு. கோல்ஃப் பந்தின் குழிகளும் உண்மையான இயற்பியல். வழவழப்பான பந்தின் மேல் ஓடும் மெல்லிய காற்றுப் படலம் பந்தின் பாதியை எட்டும் முன்பே பிய்த்துக்கொண்டு போய்விடும், பின்னால் பெரிய சுழல் உண்டாகும். குழிகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் பந்தை இன்னும் கொஞ்ச தூரம் பற்றிக்கொண்டு போகும், சுழல் சிறுக்கும், தடை ஏறக்குறைய பாதியாகும்.

ஆனால் நன்றாக அடிக்கப்பட்ட கோல்ஃப் பந்து மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது. அதன் விட்டம் 43 மில்லிமீட்டர். 28 மில்லிமீட்டர் அகல டயரோடு 30-ல், 40-ல் உருளும் சக்கரத்துக்கு, காற்றோட்டத்தின் இயல்பைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் பந்தினதைப் போலப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். தவிர, ரிம்முக்கு வந்து சேரும் காற்று டயரின் மேல் ஏறி, கம்பிகளால் கடையப்பட்டு ஏற்கெனவே கலங்கித்தான் வருகிறது. கலங்கியதை மேலும் கலக்கக் குழி எதற்கு? குழியால் பயன் உண்டா என்று தெரிய வேண்டுமானால் அதே அச்சில் வார்த்த, குழியில்லாத ரிம் ஒன்றை அருகில் வைத்து அளக்க வேண்டும். கடையில் அப்படி ஒன்று கிடைப்பதில்லை. பந்து குழியால் பறக்கிறது, எங்கள் ரிம்மிலும் குழி இருக்கிறது என்கிற அளவிலேயே வாங்குகிறவர் மனம் கணக்கை முடித்துக்கொள்கிறது. இந்த வகை விளம்பரத்தில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை.

பக்கக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, ஏனென்றால் ஆழமான ரிம்மின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. காற்று நேர் எதிரே வராமல் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வாக வரும்போது, ஆழமான ரிம் பாய்மரத்தின் வேலையைக் கொஞ்சம் செய்கிறது. பக்கத்திலிருந்து வரும் தள்ளலில் ஒரு பகுதி முன்னோக்கித் திரும்புகிறது, இழுவிசை குறைகிறது. சாய்வு மேலும் கூடினால் ஒரு கட்டத்தில் காற்று ரிம்மை விட்டுப் பிரிந்துவிடும், லாபமும் சரிந்துவிடும். விளம்பரத்தின் எண்ணுக்காக எந்தச் சாய்வுக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்துச் சராசரி எடுப்பது என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. தன் ரிம் எங்கே நன்றாக நிற்கிறதோ அங்கே அதிக மதிப்பெண் போட்டுக்கொள்ள யாரும் தடையாக இல்லை.

பாய்மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்மவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மைசூரு, குண்டல்பேட்டை வெட்டவெளிகளில் பக்கவாட்டில் அறையும். 60, 80 மில்லிமீட்டர் ஆழமுள்ள முன்சக்கரத்தில் ஒரு வீச்சு பட்டால் ஹாண்டில்பார் கையைப் பிடுங்கும். எதிரே வரும் லாரி கடக்கும் கணத்தில் காற்று சட்டென்று நின்று மீண்டும் அடிக்கும்போது இன்னும் மோசம். எடை குறைந்தவர்களுக்கு இது வேடிக்கையில்லை. பயந்துபோய்க் கீழ் ஹாண்டிலை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால், சக்கரம் மிச்சப்படுத்திய 4 வாட்டையும் அதற்கு மேல் பல மடங்கையும் உங்கள் மார்பே காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். சுரங்கத்தில் நிற்கும் சக்கரத்துக்குப் பயம் கிடையாது, அதனால் இந்தக் கணக்கு எந்த விளம்பரத்திலும் வராது.

சாமுண்டி மலையில் நிலைமை இன்னும் தெளிவு. நூற்றுக்கு 5 ஏற்றம், வேகம் 12 என்று வைத்துக்கொண்டால், மிதிக்கும் 150 வாட்டில் புவியீர்ப்புக்கு 130 போகும். காற்றுக்குப் போவது 7. நம் 20 வாட் சக்கரம் அங்கே மிச்சப்படுத்துவது கால் வாட். சாமுண்டிக்காகவே சக்கரம் வாங்குகிறவர் எடை குறைந்ததைத் தேடுவார், ஆனால் 300 கிராம் குறைத்தாலும் அரை வாட்தான். காலைக் காபியோடு தின்ற இரண்டு இட்லியைக் கழித்தாலே பாதி வந்துவிடும்.

உடம்பா சக்கரமா என்ற கேள்விக்கு வரலாறு வைத்துப்போன சாட்சிகள் இருக்கின்றன. 1984 ஜனவரியில் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர், கம்பிகளே இல்லாத தட்டுச் சக்கரங்களோடு மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். 11 ஆண்டுகளுக்கு மேலாக அசையாதிருந்த எடி மெர்க்ஸின் 49.431 கிலோமீட்டர் சாதனை உடைந்தது. தட்டுச் சக்கரத்துக்கு உலகெங்கும் பெயர் வந்தது. இருவருமே 2,240 மீட்டர் உயரத்தின் மெலிந்த காற்றில் ஓட்டியவர்கள் என்பது பின்னால் போய்விட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து டூர் டி ஃபிரான்ஸின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் நேரப் பந்தயம். 50 வினாடி முன்னிலையில் இருந்த லோராங் ஃபினோனிடம் முன்னும் பின்னும் தட்டுச் சக்கரம். துரத்திய கிரெக் லெமாண்டிடம் பின்னால் மட்டும் தட்டு. ஆனால் லெமாண்ட் ஹாண்டில்பாரில் முழங்கை தாங்கிகளைப் பொருத்திக் கைகளை ஒடுக்கி, தலையில் கூர்வால் தலைக்கவசம் போட்டிருந்தார். ஃபினோன் தலைக்கவசம் இல்லாமல், கட்டிய குதிரைவால் முடி காற்றில் ஆட ஓட்டினார். லெமாண்ட் அன்று 58 வினாடி எடுத்துக்கொண்டு 8 வினாடி வித்தியாசத்தில் மொத்தப் பந்தயத்தையும் வென்றார். அன்று ஃபினோனுக்கு உடல் நோவும் இருந்தது, முழுப் பழியையும் குடுமியின் மேல் போட முடியாது. இருந்தாலும் நல்ல சக்கரம் வைத்திருந்தவர் தோற்றது தோற்றதுதான்.

கிறிஸ் போர்ட்மேனின் கணக்கு இன்னும் சுத்தம், காரணம் ஆள் ஒருவரே. 1996-ல் மான்செஸ்டர் உள்ளரங்கில் கைகளை நேராக முன்னே நீட்டிய 'சூப்பர்மேன்' நிலையில் அவர் ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு உலக சைக்கிள் சங்கம் விதியை மாற்றி, மெர்க்ஸ் காலத்துச் சைக்கிளில் அவர் காலத்து நிலையில் ஓட்டிக் காட்டுங்கள் என்றது. 2000-ல் அதே மான்செஸ்டரில், வளைந்த ஹாண்டில்பாரும் கம்பிச் சக்கரமுமாக, போர்ட்மேன் எட்டியது 49.441. மெர்க்ஸைவிட 10 மீட்டர்தான் அதிகம். வயது நான்கு கூடியிருந்தது உண்மை. ஆனால் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் சரிவில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது கைகளும் தோளும் இருந்த நிலைதான்.

'புதுச் சக்கரம் போட்டதும் என் நேரம் குறைந்தது, பதிவே இருக்கிறது' என்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆழமான கார்பன் ரிம் உள்ளே வெற்று. வேகம் கூடக்கூட அது ஒரு தாழ்ந்த ரீங்காரம் எழுப்பும், நிமிர்ந்து அழுத்தும்போது 'வூம் வூம்' என்று துடிக்கும். அந்தச் சத்தமே காலுக்கு ஒரு உந்துதல். எந்தச் சக்கரம் என்று தெரியாமல் ஓட்டும் சோதனையை ஆழமான ரிம்மை வைத்துச் செய்யவே முடியாது, காது காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடப் பெரிய குழப்பம் காற்று. முகத்தில் பட்டும் படாமலும் வீசும் மணிக்கு 5 கிலோமீட்டர் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால், 30-ல் போகிறவருக்குச் சுமார் 35 வாட் மிச்சம். சக்கரத்தின் 4 வாட்டைப் போல எட்டு மடங்குக்கு மேல். மிதி அச்சில் பொருத்தும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் சிக்கல்தான். நல்ல கருவியின் பிழையே ஒன்றிரண்டு விழுக்காடு, 150 வாட்டில் மூன்று வாட்வரை. தேடும் பொருளும் அளவுகோலின் பிழையும் ஏறக்குறைய ஒரே அளவு.

அதற்காக அளக்கவே முடியாது என்றில்லை. ராபர்ட் சங் என்பவர் உருவாக்கிய 'மெய்நிகர் உயரம்' என்ற முறை உண்டு. காற்றில்லாத விடியலில் போக்குவரத்து இல்லாத ஒரே சாலைத் துண்டில் திரும்பத் திரும்பப் போய்வந்து, வாட்டையும் வேகத்தையும் பதிவு செய்து, சாலையின் உயரத்தைக் கணக்கால் வருவிப்பது. ஒவ்வொரு சுற்றிலும் உயரம் ஒன்றுபோல வரும்படி எந்தத் தடை மதிப்பு பொருந்துகிறதோ அதுவே உங்கள் காற்றுத்தடை. பழைய சக்கரம், புதியது, மீண்டும் புதியது, மீண்டும் பழையது என்று வரிசை மாற்றி ஓட்ட வேண்டும். டயரும் காற்றழுத்தமும் உடையும் மாறக்கூடாது. மைசூரு மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் சைக்கிள்காரர்களுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சக்கரம் விற்பவர் யாரும் இதைச் செய்துபார்க்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தச் சோதனையைச் செய்தால் சக்கரத்துக்கு முன்னால் வேறு சில எண்கள் கண்ணில் படும். உருளும் தடை அதிகமுள்ள முரட்டு டயரிலிருந்து மிருதுவான நல்ல பந்தய டயருக்கு மாறினால் 30-ல் 15, 20 வாட்வரை கிடைக்கும். வேகத்தின் முப்படி இதற்குக் கிடையாது, அதனால் மெதுவாகப் போனாலும் அந்த மிச்சம் அதே விகிதத்தில் கூடவே வரும். ஏற்றத்திலும் வரும். தொளதொளவென்று அடிக்கும் சட்டையை உடம்போடு ஒட்டியதாக மாற்றி, முழங்கையைக் கொஞ்சம் மடக்கினால் பத்து வாட்டுக்கு மேல். முன்னால் ஒருவரை விட்டுப் பின்னாலேயே ஒட்டிப் போனால் காற்றுத்தடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டத்தின் நடுவே பின்பக்கமாக இருப்பவரின் காற்றுத்தடை தனியே ஓட்டுவதில் 5 முதல் 10 விழுக்காடுதான். நீலகிரிப் பயணத்தில் நண்பர்களோடு போவதைவிடச் சிறந்த காற்றியல் கருவி கிடையாது.

வாங்குகிறவர் பக்கம் சட்டமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். 2022 ஜூனில் அந்த ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அடிக்குறிப்பில் போடும் நிபந்தனை முக்கியத் தகவலை மறைக்கவோ விளம்பரத்தின் கூற்றோடு முரண்படவோ கூடாது என்கின்றன. 48 கிலோமீட்டர் வேகம் என்பது சக்கர விளம்பரத்தில் முக்கியத் தகவல் இல்லையென்றால் வேறு எது முக்கியம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை இவைதான்: எந்த வேகத்தில் அளந்தது, எந்தச் சக்கரத்தோடு ஒப்பிட்டது, எத்தனை மில்லிமீட்டர் டயர் போட்டு, ஆள் ஏறிய சைக்கிளிலா வெறும் சக்கரத்திலா? பதில் வராவிட்டால் அந்த எண்ணை விலையில் சேர்க்காதீர்கள். நேரப் பந்தயம் ஓடுகிறவர், உடம்பின் நிலையையும் உடையையும் ஏற்கெனவே சரிசெய்துவிட்டவர், 40-க்கு மேல் நிலையாகப் போகிறவர் ஆழமான ரிம் வாங்கலாம், பயன் உண்டு. அழகுக்காக வாங்குகிறவரும் தாராளமாக வாங்கலாம், அது அவர் காசு, ரிம்மும் உண்மையிலேயே அழகுதான். மற்றவர்கள் முதலில் நல்ல டயர் ஒரு ஜோடி வாங்குங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.